கையைக் கேட்ட குரல்

என் வலது கையில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். தேயிலை ஸ்டோரில் மெஷினில் மாட்டிக்கொண்டதா என்று கேட்பார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஒரு பஸ் பயணம் போதாது. ஆனால் எங்காவது ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் என்னைப் போல ஒருத்தி இருப்பாள். அவளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் வீட்டுக்காரர்கள் விழித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கையில் கிடைக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நோர்வூட் டவுனுக்கு மேலே மலையில் ஏறிப்போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிள்ளை மடுவத்து ஆயாவாக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப்போகிற இடம்தான் மடுவம். நீளமான தகரக் கொட்டகை. உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஒரு மூலையில் பால் காய்ச்சுகிற பெரிய அடுப்பு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்திருந்ததால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. என் புருஷன் முனியாண்டிக்குக் கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற ஸ்டோரில் வேலை. எங்களுக்கு ஒரே மகள், ராசாத்தி. அவளும் அந்தத் தொட்டில்களில் ஒன்றில் வளர்ந்தவள்தான். எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் என் புருஷனின் அக்கா மூக்காயி இருந்தார். புருஷன் செத்துப்போனவர், பிள்ளையும் இல்லை. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் எங்களுக்குள் பேச்சு குறைவு. எதைச் சொன்னாலும் முகத்துக்கு நேரே சொல்கிற அவருடைய வாய்க்குப் பயந்து நான் ஒதுங்கியே இருந்தேன்.

நோய் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. எனக்குத் தூக்கம் குறைந்தது. தூங்காவிட்டாலும் களைப்பு இல்லை, உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. பிறகு சுற்றியிருக்கிற எல்லாமே எனக்கென்று வைக்கப்பட்டவை போலத் தெரியத் தொடங்கின. எதிர் லயத்துக் கொடியில் ஒரு மஞ்சள் சேலை காய்ந்தால், எனக்கு யாரோ சைகை காட்டுகிறார்கள் என்று தோன்றும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்களை அழைக்கத் தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்குள் என் பெயர் கேட்டது. மடுவத்தைப் பார்வையிட வந்த தோட்டத்து அதிகாரி கண்டாக்கு ஐயா இருமினால்கூட அதில் எனக்கு ஒரு சேதி இருந்தது.

அப்போது எனக்குப் பயமே இல்லை. மாறாகப் பெருமையாக இருந்தது. இத்தனை பேர் இருக்க, யாரோ என்னை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பெருமை. அதனால்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. என் முகம் மாறியதை மற்றவர்கள் கவனித்தார்களாம். மூக்காயி அக்கா மட்டும் ஒரு நாள் கேட்டார்.

"ஏ பார்வதி, யாருகூட சிரிச்சிக்கிட்டிருக்க?"

"யாருகூடவும் இல்லக்கா."

"சுவத்தப் பாத்துத்தான சிரிச்ச?"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிறகு மடுவத்தில் சின்னமுத்து வந்தது. ஒரு பிள்ளைக்கு வந்தால் தொட்டில் தொட்டிலாகத் தாவுகிற நோய் அது. பிள்ளைகள் உடம்பெல்லாம் சிவந்து, கண் திறக்க முடியாமல், காய்ச்சலில் அனத்தினார்கள். அம்மை என்றால் மாரியாத்தா வந்திருக்கிறாள் என்பதுதான் எங்கள் நம்பிக்கை. எங்கள் மலையில் வேப்பமரம் வளராது. கீழேயிருந்து யாரோ கொண்டுவந்த காய்ந்த கொத்துகளைக் கதவுகளில் செருகினார்கள். தெய்வானை என்ற கொழுந்துக்காரியின் மகன் வேலு, தத்தித்தத்தி நடக்கிற வயது, மூச்சுத் திணறிச் செத்துப்போனான். அன்று பகல் முழுக்க அவன் என் மடியில்தான் கிடந்தான்.

அவனைப் புதைத்த மறுநாள்தான் குரலை முதலில் கேட்டேன். அடுப்பில் பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. "பார்வதி" என்று என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தேன். தொட்டில்கள்தான் இருந்தன. மறுபடியும் கூப்பிட்டாள். நினைப்பில் வருகிற சத்தமாக அது இருக்கவில்லை. நீங்கள் பேசினால் எனக்கு எப்படிக் கேட்குமோ அப்படிக் காதில் கேட்டது.

"நாந்தான் ஆத்தா," என்றது குரல்.

முதலில் அன்பாகத்தான் பேசியது. பிறகு திட்டத் தொடங்கியது. நீ தொட்ட பிள்ளைகள்தான் படுக்கிறார்கள், உன் கையில்தான் தீட்டு இருக்கிறது என்றது. கையைக் கொடு, மிச்சப் பிள்ளைகளை விட்டுவிடுகிறேன் என்றது. சில நாட்கள் அதனோடு கெஞ்சினேன். தாலியைத் தருகிறேன், மொட்டை போடுகிறேன், மண்சோறு சாப்பிடுகிறேன் என்றேன். எதையும் ஏற்கவில்லை. ராசாத்தியின் நெற்றியில் முதல் சிவப்பைப் பார்த்த அன்று, மடுவத்து அடுப்பில் கையை வைத்துவிட்டேன்.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். எனக்கு வலிக்கவே இல்லை என்று பிற்பாடு ஜனங்கள் கதை கட்டினார்கள். வலித்தது. நான் போட்ட சத்தத்தில் மேல்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு ஓடிவந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கேடு. பிள்ளைகள் தேறிவிட்டார்கள். ராசாத்திக்கும் காய்ச்சல் இறங்கிவிட்டது. சின்னமுத்து பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும் நோய் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று தோட்டத்தில் யாரும் அப்படி நினைக்கவில்லை. ஆயா ஆத்தாவுக்குக் கையைக் கொடுத்துப் பிள்ளைகளை மீட்டுவிட்டாள் என்றார்கள். எங்கள் காம்பரா வாசலில் தேங்காயும் கற்பூரமும் வைத்தார்கள். ஆட்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணியே தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வெளி டிவிஷன்களிலிருந்தும் ஆட்கள் குறி கேட்க வந்தார்கள். குரல் சொன்னதை நான் அப்படியே சொன்னேன். என் புருஷன் என்னைத் தொடவே பயந்தார். கதவோரம் உட்கார்ந்து, வந்தவர்களுக்குத் திருநீறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நோயாளி இப்படி நம்புவதே ஆபத்து. ஊரும் அதை நம்பிவிட்டால் அவள் எந்த வழியால் வெளியே வருவாள்?

ஒரு நாள் தெய்வானை வந்தாள். கையில் கற்பூரம் இல்லை. மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்றாள்.

"ஆயா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நீங்க கையக் குடுத்ததும் எல்லாப் புள்ளைகளும் பொழச்சிருச்சு. எம்புள்ள செத்த பொறவுதான குடுத்தீங்க. கொஞ்சம் முந்திக் குடுத்திருக்கலாமில்ல? எம்புள்ள மட்டும் ஆத்தாவுக்கு என்ன செஞ்சான்?"

குரல் அவளுக்கு ஒரு பதிலை என் வாயில் வைத்தது. வேலு தீட்டுப் பிள்ளை என்றது. நான் அதைச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். தெய்வானை வந்த வழியே போய்விட்டாள்.

கை சுட்ட அன்றே தோட்டத்து மருந்துக்கார ஐயா வந்து கட்டுப்போட்டு, உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆத்தாவுக்குக் கொடுத்த கையில் இங்கிலீஷ் மருந்து படக்கூடாது என்று கட்டை நான் அவிழ்த்துப் போட்டேன். சுற்றி நின்றவர்களும் அதுதான் சரி என்றார்கள். கை வீங்கிக் கறுத்தது. எனக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு நடுங்கினால், அருள் வந்துவிட்டது என்று சுற்றியிருந்தவர்கள் குலவை போட்டார்கள்.

மூக்காயி அக்கா கும்பிட வந்ததே இல்லை. ஒரு நாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். என் கையைத் தூக்கி முகர்ந்தார்.

"சாமி கை நாறுமாடி?" என்று கேட்டார்.

கூட்டம் முணுமுணுத்தது. அவர் திரும்பித் தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"டேய் முனியாண்டி! நாளைக்கு இவ பொணமாயிட்டா இந்தக் கற்பூரம் கொளுத்துறவுங்க வந்து ஒம்புள்ளைக்குத் தல சீவி விடுவாங்களாடா? எந்திரி. லொறி வருதா பாரு."

என் புருஷன் எழுந்துவிட்டார். யாராவது சொல்லட்டும் என்றுதான் அவரும் காத்திருந்திருக்கிறார் போலும். ஸ்டோரிலிருந்து ஹட்டனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போகிற லொறியில், பெட்டிகளுக்கு நடுவில் என்னைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள்.

டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அழுகல் மேலே ஏறியிருந்தால் கையையே எடுத்திருப்பார்களாம். மயக்கம் தெளிந்ததும் குரல் கோபமாக இருந்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாயா, கட்டைப் பிரி என்றது. நானும் பிரித்தேன். திரும்பத் திரும்பப் பிரித்ததால் இடது கையைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். சோற்றைத் துப்பினேன். என் கட்டிலுக்கடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்த மூக்காயி அக்காதான் எனக்கு எல்லாம் செய்தார். தலையில் பேன் பிடிக்காமல் வாரிவிட்டார். மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் என்னைப் பார்க்க எட்டிப்பார்த்தால், "இங்க என்ன படமா ஓடுது?" என்று விரட்டினார்.

அங்கிருந்த டொக்டர் சிங்களவர், சின்ன வயசுக்காரர். என் காயத்தைப் பார்த்துவிட்டு என் கண்களை நெடுநேரம் பார்த்தார். அக்காவுக்குக் கடைவீதிச் சிங்களம் தெரியும். அதை வைத்துக்கொண்டு நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னார். "ஹித்தே லெடக்" என்றார் அவர். மனதில் வந்த நோய் என்று அர்த்தம். கை ஆறினாலும் அந்த நோய் ஆறாவிட்டால் மற்றக் கையும் போகும், அல்லது உயிர் போகும் என்றார். கொழும்புக்குப் பக்கத்தில் அதற்கென்று இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஜனங்கள் அதைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள்.

ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். அக்கா என் கைமேல் ஒரு துவாயைப் போட்டு மூடியிருந்தார். ரயில் கீழே இறங்க இறங்க மலையும் குளிரும் விலகிப்போயின. குரல் மட்டும் கூடவே வந்தது. பெட்டியில் இருந்த எல்லோருக்கும் என் பாவம் தெரியும் என்றது. ஒரு இடத்தில் நான் எழுந்து கதவை நோக்கி நடந்தேன். என் புருஷன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். கை எரிந்ததற்குப் பிறகு அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கீழே இறங்கும்வரை விடவே இல்லை. அவருடைய கண்ணீர் என் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் வாசலோடு அவர்களை அனுப்பிவிட்டார்கள். உள்ளே நீளமான வார்டு. கட்டில்களை நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தார்கள். அழுகிறவர்கள், பாடுகிறவர்கள், சுவரைப் பார்த்தபடியே இருக்கிறவர்கள். நேர்ஸ்மார் பேசியது சிங்களம். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. புரியாத பேச்செல்லாம் என்னைப் பற்றித்தான் என்று குரல் மொழிபெயர்த்துச் சொன்னது. அப்படியே கேட்டுக்கொண்டு சுருண்டு கிடந்தேன். குசுமா என்ற பணியாள் ஒருத்தி மட்டும் தட்டோடு வந்து பக்கத்தில் உட்காருவாள். "நங்கி, கண்ட" என்பாள். தங்கச்சி, சாப்பிடு என்கிறாள் என்பது அவள் வாயருகே கொண்டுவந்த கையால் புரிந்தது.

எங்களைப் பார்த்த பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய தமிழும் எனக்கு முதலில் வேற்று மொழி போலத்தான் இருந்தது.

"எப்ப தொட்டு உமக்கு இந்தச் சத்தம் கேக்குது?" என்றார்.

நான் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டேன். அவர் அவசரப்படவில்லை. தினமும் வந்து அதையே கேட்டார்.

அங்கே முதலில் கொடுத்த வைத்தியத்தைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். நெற்றியின் இரண்டு பக்கமும் எதையோ அழுத்தி, ஒரு நொடி மின்சாரம் விடுவார்கள். உடம்பு வலிப்பு வந்தது போல இழுக்கும். அந்த வலிப்பில் மூளை ஒரு தடவை நின்று புதிதாக ஓடத் தொடங்கும் என்பது அவர்கள் கணக்கு. நமக்கு எதுவும் தெரியாது. முழித்தால் தாடை வலிக்கும், தலை கனக்கும். முதல் தடவை முழித்தபோது என் மகளின் பெயர் வரவில்லை. முகம் வந்தது, நெற்றியில் பார்த்த சிவப்பு வந்தது, பெயர் வரவில்லை. சாயங்காலம்வரை தேடினேன். அது கிடைத்ததும் சத்தமாகச் சொல்லிச் சொல்லி அழுதேன்.

பிறகு புதிதாக வந்த மாத்திரைகளைத் தொடங்கினார்கள். வாய் காய்ந்துபோகும், கை நடுங்கும், முகத்தில் தோல் இறுகிவிட்டது போலிருக்கும். ஜன்னலோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே வெயில் பட்ட இடம் எரியும். ஆனால் தூக்கம் வந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு உண்மையான தூக்கம்.

எனக்கு அடுத்த கட்டில் பிலோமினா டீச்சருடையது. கொட்டகலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். கத்தோலிக்கர், ஒல்லியானவர். நான் போனபோதே எலும்பாக இருந்தார். தனக்கு மன்னிப்பே கிடையாது என்று நம்பினார். கோயிலில் நற்கருணை அப்பம் வாங்கத் தகுதியில்லாத வாய்க்குச் சோறு எதற்கு என்று ஒரு ஆண் குரல் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். என்ன பாவம் என்று கேட்டால், "அது பேருள்ள பாவமில்ல பார்வதி, நானேதான் பாவம்" என்பார்.

இரண்டு தமிழ்க்காரிகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் பேசாமல் இருக்க முடியுமா? என் வலது கை எழுதாது என்று தெரிந்ததும், இடது கையால் எழுதச் சொல்லித்தந்தார். தண்ணீரில் விரலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் அ, ஆ என்று எழுதுவோம். நான் அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிடும். "பரவாயில்ல, தப்பு யாருக்கும் தெரியாது" என்று சிரிப்பார். அப்படிச் சிரிக்கும்போது அவரிடம் ஒரு நோயும் இல்லாதது போலிருக்கும். சோற்றுத் தட்டு வந்ததும் முகம் மூடிக்கொள்ளும்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், படிச்சவுங்க நீங்க. சோறு திங்காம சாகுன்னு கடவுள் சொல்வாரா? அது கடவுள் இல்ல டீச்சர். சீக்கு."

அவர் என் கைக்கட்டைப் பார்த்தார்.

"கையக் கேக்குற ஆத்தா மட்டும்?"

"அது வேற டீச்சர்."

"எப்படி வேற?"

சொல்ல வாயைத் திறந்தேன். குரல் எனக்கு முன்னால் முந்திக்கொண்டு கத்தியது. அவள் பொய்க்காரி, கேட்காதே என்றது. ஆனால் டீச்சர் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருடைய குரல் நோய் என்பது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. என்னுடையது நோய் என்பது அவருக்குத் தெரிந்தது. அவரவருடையதுதான் இருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் டொக்டர் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, "நான் பொய் சொல்லலைங்க ஐயா" என்றேன்.

"நீர் பொய் சொல்லேல்லை," என்றார். "உமக்குக் கேட்டது மெய். ஆனா கதைச்சது வேற ஆரும் இல்லை, உம்மட மூளைதான். மூளை தன்ர நினைப்பை வெளியில இருந்து வாற சத்தம் எண்டு பிழையா விளங்கிக்கொள்ளுது. கோயிலுக்குப் போறவைக்கு அது சாமியின்ர குரலா வரும். வேற ஆக்களுக்குப் பொலிஸ்காரன்ர குரலா வரும். வருத்தம் ஒண்டுதான்."

வருத்தம் என்று அவர் சொன்ன அந்த நோய்க்கு ஒரு இங்கிலீஷ் பெயரும் சொன்னார். தமிழில் மனச்சிதைவு என்கிறார்கள். செய்வினையாலோ வளர்ப்பாலோ வருவதில்லை, நீரிழிவு மாதிரி ஒரு நோய், குரல் நின்றாலும் மருந்தை நிறுத்தக்கூடாது என்று விளங்கப்படுத்தினார்.

"அப்ப ஆத்தா?" என்று கேட்டேன்.

"ஆத்தாவைக் கும்பிடும். அதை நான் வேண்டாமெண்டு சொல்லமாட்டன். ஆனா உம்மைக் காயப்படுத்தச் சொல்லி ஒரு சத்தம் வந்தா, அது வருத்தம். என்னட்டை வாரும்."

குரல் ஒரேயடியாகப் போகவில்லை. தோளுக்குப் பின்னாலிருந்தது கட்டிலின் கால்மாட்டுக்குப் போயிற்று. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம். பிறகு தூரத்து லயத்தில் யாரோ ரேடியோ வைத்தது போல, சொல் புரியாத சத்தம் மட்டும். ஒரு காலையில் அதுவும் இல்லை.

அன்றுதான் என் கையை நான் உண்மையாகப் பார்த்தேன். அதுவரை அது பிள்ளைகளை மீட்ட கை. ஆத்தா கேட்கவில்லை என்றால் அதை நான் யாருக்குக் கொடுத்தேன்? பிள்ளைகள் எப்படியும் பிழைத்திருப்பார்கள். ஒன்றுக்கும் ஆகாமல் என் விரல்கள் போயிருந்தன. இந்த நோயில் எல்லாவற்றையும்விடக் கொடியது எனக்கு அந்தக் காலைதான். குணமாவது சந்தோஷமான காரியம் என்று நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டொக்டரிடம் சொன்னேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிலோமினா டீச்சருக்கும் அதே கரண்டுதான், அதே மாத்திரைதான். அவருடைய குரல் மட்டும் போகவே இல்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் ஊற்றினார்கள். அதையும் பிடுங்கினார். இளைத்த உடம்பில் சளிக்காய்ச்சல் ஏறியது. வேறு வார்டுக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது என் இடது கையைப் பிடித்து, "ழ இன்னும் சரியா வரல உனக்கு" என்றார். சில நாள் கழித்துக் குசுமா வந்து அந்தக் கட்டிலின் படுக்கையைச் சுருட்டினாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் சிங்களத்தில் அழுதாள், நான் தமிழில் அழுதேன். ஒரே மருந்து எனக்கு ஏன் கேட்டது, அவருக்கு ஏன் கேட்கவில்லை என்று டொக்டரைக் கேட்டேன். "தெரியேல்லை அம்மா" என்றார்.

என்னைக் கூட்டிப்போக என் புருஷனும் மூக்காயி அக்காவும் வந்தார்கள். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ம், சுவத்தப் பாத்துச் சிரிக்கல" என்றார். அவ்வளவுதான்.

தோட்டத்தில் இறங்கியபோது மடுவத்து வாசலில் கூட்டம். மேளம் வைத்திருந்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சூலம் குத்தியிருந்தார்கள். நான் இல்லாத நாட்களில் என் கைக்கு ஒரு கோயிலே கட்டிவிட்டார்கள். பெரிய கங்காணி தட்டோடு நின்றார். "ஆத்தா திரும்பி வந்திருச்சு, வாக்குச் சொல்லணும்" என்றார். ராசாத்தி ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரியின் பின்னால் ஒளிந்துகொண்டாள். கூட்டத்தின் கடைசியில் தெய்வானை நின்றாள். முன்னைவிட மெலிந்திருந்தாள். வேலு செத்ததிலிருந்து, ஆத்தா ஒதுக்கிய பிள்ளையைப் பெற்றவள் என்று அவளைப் பேசுகிறார்கள் என்று வழியில் அக்கா சொல்லியிருந்தார்.

சும்மா இருந்திருந்தால் நான் சாமியாகவே இருந்திருக்கலாம். சோற்றுக்கும் குறைவிருக்காது.

"வாக்கு இல்லீங்க," என்றேன். "எனக்கு வந்தது சாமி இல்ல. சீக்கு. பெரிய ஆஸ்பத்திரியில மருந்து குடுத்தாங்க, நின்னுருச்சு. எங்கைய யாரும் கேக்கல. நானாத்தான் சுட்டுக்கிட்டேன்."

நான் தெய்வானையைப் பார்த்துச் சொன்னேன்.

"தெய்வானை, ஆத்தா யாருக்கும் கணக்குப் பாக்கல. ஒம்புள்ள சின்னமுத்துல செத்தான். மத்தது சின்னமுத்துல பொழச்சிச்சு. வேற ஒண்ணுமில்லம்மா. அவன் தீட்டுப் புள்ள இல்ல."

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மண்ணில் கையை ஊன்றி, பிள்ளை செத்த அன்று அழாத அழுகையெல்லாம் அழுதாள். யாரோ ஒருவர் பின்னாலிருந்து, "பைத்தியம் முத்திப்போச்சு" என்றார். கங்காணி கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்துவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த ஒரு பேச்சில் நான் சாமியிலிருந்து பைத்தியமாகிவிட்டேன். மடுவத்து வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு பைத்தியத்திடம் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? இடது கையால் புல்வெட்டினேன். குழாயடியில் எனக்கு வழிவிட்டார்கள், மரியாதைக்கு இல்லை. ராசாத்தி என்னிடம் வர நெடுநாள் ஆயிற்று. மூக்காயி அக்கா ஒரு காலையில் அவளை என் முன்னால் உட்காரவைத்து, "எனக்குக் கண்ணு தெரியல, நீயே பின்னு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அக்காவுக்குக் கண் நன்றாகத் தெரியும். மூன்று விரல் கையை வைத்துக்கொண்டு பின்னிய சடை கோணலாகத்தான் வந்தது. அவள் அதை அவிழ்க்கவில்லை.

இடையில் ஒரு தடவை, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்தினேன். தூக்கம் போயிற்று. பிறகு குரல் வந்தது. இந்தத் தடவை அது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. நானே போய் அக்காவை எழுப்பினேன். இப்போதும் மழைக்காலங்களில் எப்போதாவது தூரத்தில் முணுமுணுக்கும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

போன மாதம் கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு எங்கள் லயத்துக்கு வந்தார். தம்பிக்கு இருபது வயசு இருக்கும். நெற்றி நிறைய திருநீறு. இரண்டு உள்ளங்கையிலும் கற்பூரம் ஏற்றிய புண்கள். கண்கள் எங்கேயோ இருந்தன.

"நீங்கதான அக்கா, சாமி இல்ல, சீக்குன்னு சொன்னவுங்க?" என்றார் அண்ணன். "எங்க தோட்டத்துல இவனக் கும்பிட ஆரம்பிச்சிட்டாங்க. எங்க கொண்டுபோறதுன்னு தெரியல."

எந்த ரயில், எங்கே இறங்குவது, யாரிடம் கேட்பது என்று சொன்னேன். சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள், போர்வை கொண்டுபோங்கள், ரயிலில் கதவுப் பக்கம் உட்கார விடாதீர்கள் என்றேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். தம்பி வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மருந்து குடிச்சா எங்காதுல பேசுறவரு போயிருவாரா?" என்று கேட்டான்.

"போயிருவாரு தம்பி. கொஞ்சங் கொஞ்சமா."

"அவரு போயிட்டா எங்கூட யாரு பேசுவா?"

எந்த டொக்டரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவனுடைய அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இவனிடம் பொய் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

"கொஞ்ச நாளைக்கு யாரும் பேச மாட்டாங்க," என்றேன். "ரொம்ப வெறிச்சுன்னு இருக்கும். பொறவு ஒரு நாள் ஒங்க அண்ணன் பேசுறது கேக்கும். அவரு இப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருக்காரு, தம்பி. ஒனக்குத்தான் கேக்கல."